சிவப்பு முடிக்காரன்

நடுவர் விசிலை வாயில் வைப்பதற்குள் எங்கள் பக்கத்துப் பெண்கள் துப்ப ஆரம்பித்துவிட்டார்கள்.

அக்கரைக் கல்லூரி அணியில் கோட்டோரம் நின்ற சிவப்பு முடிக்காரனைப் பார்த்துத்தான் துப்பினார்கள். கொலைகாரன் என்று முதலில் கத்தியது போதகரின் மனைவி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்து, நவம்பர். அயோவாவில் சோளம் அறுத்த நிலமெல்லாம் உறைந்து இரும்பாகக் கிடந்தது. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு முட்டி மோதி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில், அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம்.

பருவம் நன்றாகத்தான் தொடங்கியது. எங்களுடையது சின்னக் கல்லூரி. பதினோரு பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு. அப்படியும் வரிசையாக ஜெயித்துக்கொண்டு வந்தோம், ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போகும்வரை.

அங்கே, பந்தை நெஞ்சோடு அணைத்தபடி விழுந்த கிளெம் டாலிவர் மேல் இரண்டு அணியும் மலைபோலக் குவிந்தன. விசில் ஊதியதும் எல்லோரும் எழுந்தோம். கிளெம் எழவில்லை.

அவன் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தியவனின் முகத்தை நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை. மூக்குக்குப் போடும் ரப்பர் கவசம் பாதி முகத்தை மறைத்திருந்தது. மேலே சிவப்பு முடி. அவ்வளவுதான் தெரிந்தது.

அதன்பிறகு எல்லா ஆட்டத்திலும் தோற்றோம். யாருக்கும் வருத்தமில்லை. அக்கரைக்காரர்கள் எங்கள் மைதானத்துக்கு வரும் நாளுக்காகத்தான் காத்திருந்தோம்.

கிளெம்மின் அண்ணன் ஆசா பன்றிப் பண்ணை வைத்திருந்தவன். கல்லூரி வாசலை மிதித்ததே இல்லை. அக்கரைக்காரர்கள் வரவிருந்த அந்த வாரம் மாணவனாகச் சேர்ந்தான். என்ன படிக்கப் போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. எதிரே வந்த முதல்வர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஆட்டத்துக்கு முன் சிவப்பு முடிக்காரன், முகத்தில் அதே ரப்பர் கவசத்தோடு, ஆசாவிடம் கை நீட்டினான்.

ஆசா அந்தக் கையில் துப்பினான்.

அவன் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். எவ்வளவு திமிர் என்று எங்கள் தலைவன் ஹைரம் பல்லைக் கடித்தான்.

விசில் ஊதியது. பந்து எங்கே போயிற்று என்று எங்களில் யாரும் பார்க்கவில்லை. ஹைரம் சிவப்பு முடிக்காரனின் ஒரு கையைப் பிடித்தான், நான் மற்றதை. ஆசா தோளைத் தாழ்த்தி ஓடிவந்து அவன் முழங்காலில் மோதினான்.

அந்தச் சத்தம் வேலிவரை கேட்டிருக்கும். வேலியோரம் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

“இது கிளெம்முக்கு,” என்றான் ஆசா.

மோதிய வேகத்தில் கீழே கிடந்தவனின் கவசம் கழன்று போயிருந்தது. மீசைகூடச் சரியாக அரும்பாத முகம். வலியில் மூச்சு வாங்கியது. எங்கள் பேச்சு அவன் நாக்கில் இன்னும் படியவில்லை.

“கிளெம் யாருங்க? நான் நார்வேலேர்ந்து வந்தே ஒரு மாசம் ஆகல. கல்லு உடைக்கிற எடத்துல இருந்தவனைப் போன வாரந்தான் ஆட வான்னு கூட்டிட்டு வந்தாங்க. உங்க ஊர்ல எல்லாரும் ஏன் என்மேல துப்புறீங்க?”

ஹைரம் கையை விட்டான். நானும் விட்டேன்.

அவன் அணியிலிருந்து ஒருவனும் அவனைத் தூக்க வரவில்லை. அவர்கள் தலைவன் மட்டும் நடுவர் பக்கத்தில் நின்று, அவசரமே இல்லாமல், ஆசாவைச் சுட்டிக்காட்டிப் பேசிக்கொண்டிருந்தான்.

நடுவர் வந்து ஆசாவை வெளியே போகச் சொன்னார். வேண்டுமென்றே காலை உடைத்தவனுக்கு இனி இந்த ஆட்டத்தில் இடமில்லை என்றார். ஆசா எழுந்தான். ஹைரம் ஏதோ வாதாடப் போனான், நடுவர் கேட்கவில்லை.

அக்கரைக்காரர்களின் பெஞ்சில் ஒருவன், வந்ததிலிருந்தே தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குளிருக்கு என்றுதான் நினைத்திருந்தோம். இப்போது போர்வையை உதறிவிட்டு உள்ளே ஓடிவந்தான்.

கோட்டருகே அவனும் ஆசாவும் தோளுரசக் கடந்தார்கள். அவன் ஆசாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பாதி முகத்தை மறைத்த ரப்பர் கவசத்துக்கு மேலே, நெற்றியில் விழுந்த சிவப்பு முடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு வந்து, ஆசாவின் இடத்துக்கு எதிரே குனிந்து நின்றான்.

எங்களிடம் மாற்று ஆள் கிடையாது.