ஷெட்டைத் தாண்டாத பேச்சு

"யோவ், நல்லா யோசிச்சுட்டுத்தான் சொல்றியா? கட்டர் வெச்சா வெச்சதுதான். அப்புறம் வந்து ஒட்டிக் குடுன்னு அழக்கூடாது!"

மெக்கானிக் கட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடியும் கேட்டார். ஜீப்பின் பானெட் திறந்து கிடந்தது. அந்தக் காலத்து ஸ்டியரிங் ராடு, கம்பெனியிலிருந்து வந்த அன்று இருந்தது போலவே மினுமினுத்தது.

"வெட்டு" என்றார் கப்புக்காரர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. வருடா வருடம் நடக்கும் பழைய ஜீப் மலைப் பந்தயத்தில், ஒரு ஆணிகூட மாற்றாத வண்டிகளுக்கென்று அசல் பிரிவு உண்டு. அதில் முதல் கப் இவர் வீட்டைத் தவிர வேறெங்கும் போனதே கிடையாது. துணி வைக்க அலமாரியில் இடமில்லை என்று மனைவி சண்டை போடுகிற அளவுக்குக் கப்! யாராவது புது போல்ட்டைக் காட்டினாலே அடிக்க வருவார்.

அப்பேர்ப்பட்ட மனிதர்தான் இப்போது பவர் ஸ்டியரிங், புது கியர் பாக்ஸ், தடித்த ஆக்சில் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். மாற்றிவிட்டால் அசல் பிரிவு கதவை மூடிவிடும். பிறகு மாற்றிய வண்டிகளோடுதான் ஓட வேண்டும்.

"ஏன்யா, தோள்பட்டை வலியா?"

"அதுக்கென்ன, இரும்பாட்டம் இருக்கு." கப்புக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என் மருமக இந்த வருஷம் அசல் பிரிவுல இறங்குறா."

"தெரியுமே. உன்னோடது மாதிரியே ஒரு பழைய ஜீப்பைத் தேடிப் பிடிச்சு வாங்கியிருக்கே அந்தப் பொண்ணு. அதுக்கு?"

"அவ ஓட்டிப் பழகுறதைப் பாத்துட்டேன்யா. மலைப் பாதையில, ஒரு பாறைக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு பாத்தேன்."

"வெக்கமா இல்ல உனக்கு?"

"இல்ல. கேளு! அந்த உருட்டுக்கல் வளைவு இருக்கே, நான் இத்தனை வருஷமா ஒரு தடவை ரிவர்ஸ் எடுத்துத்தானே திரும்புறேன்? அவ ஒரே மூச்சுல திருப்பிட்டாய்யா. குச்சிக் கையி! பவர் ஸ்டியரிங்கும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. வண்டி உருண்டுக்கிட்டு இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமா ஒடிச்சு, ஒரு கல்லு சறுக்காம மேல ஏத்திட்டா. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. எங்கே கைதட்டித் தொலைச்சிடுவோமோன்னு, கண்ணைத் தொடைச்ச கையோட ரெண்டு கையையும் பாக்கெட்டுல விட்டுக்கிட்டேன்."

சொல்லச் சொல்ல அவர் முகமெல்லாம் பூரித்துப்போயிற்று. "என் பையனும் இருக்கானே, காரை உள்ள விடறதுக்கே நாலு பேரைக் கூப்பிடுவான். இவளுக்கு எங்கிருந்துய்யா இப்படி ஒரு கை?"

"அப்ப சந்தோஷமா தோத்துட்டு வர வேண்டியதுதானே?"

"அதெப்படி? தோத்துட்டு வந்து ஒரே மேஜைல அவ எதிர்ல உக்காந்து சாப்பிடச் சொல்றியா? மானம் கப்பலேறிடும். கையில வலி, லேசான ஸ்டியரிங் வேணும்னு ஒரு சாக்கு சொல்லிட்டு நான் அந்தப் பிரிவுக்கு நழுவிடறேன். அவ அசல்ல ஜெயிக்கட்டும், நல்லா ஜெயிக்கட்டும். நானும் அவகிட்ட தோக்காத மனுஷனாவே இருந்துடறேன். யார்கிட்டயும் மூச்சு விடாதே, முக்கியமா அவகிட்ட!"

எதையோ சொல்ல வாயெடுத்த மெக்கானிக், அதை மென்று விழுங்கினார்.

"எங்கிட்ட வர்ற வண்டி சமாச்சாரம் இந்த ஷெட்டைத் தாண்டாது. பந்தயக்காரங்க எல்லாரும் சேர்ந்து எங்கிட்ட வாங்கின சத்தியம். அன்னைக்கு அதிகமா கத்தினதே நீதான்" என்றவர், பெருமூச்சு விட்டார். "கடைசியா கேக்கறேன். பழையபடியே விட்டுடலாமா?"

"வெட்டுய்யான்னா!"

கட்டர் அலறியது. கப்புக்காரர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

பந்தயத்தன்று காலை, வண்டி சொன்ன பேச்சு கேட்டது. ஸ்டியரிங் ஒற்றை விரலுக்குத் திரும்பியது. கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. 'அட, இத்தனை வருஷமா முட்டாள்தனமா மல்லுக்கட்டியிருக்கோமே' என்று அவருக்கே தோன்றியது.

மாற்றிய வண்டிகள் ஜோடி ஜோடியாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. தன் முறைக்காகக் கோட்டில் நின்றபடி, தூரத்தில் இருந்த அசல் பிரிவு வரிசையை எட்டிப் பார்த்தார். மருமகளின் ஜீப்பைக் காணோம். ஐயோ, பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா? இறங்கிப் போய்க் கேட்கலாமா?

அதற்குள் அவர் பக்கத்தில் இன்னொரு ஜீப் வந்து நின்றது. ஓட்டியவள் ஒற்றை விரலால் ஸ்டியரிங்கைச் சுழற்றி, சக்கரத்தைக் கோட்டுக்கு நேராக வைத்தாள்.

"மாமா! நீங்க எங்க இங்க?"

கப்புக்காரர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். கயிற்றுக்கு அப்பால் நின்ற மெக்கானிக் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கையில கொஞ்சம் வலிம்மா... அது கிடக்கட்டும், நீ ஏன் இங்க வந்தே?"

மருமகள் மெல்லச் சொன்னாள்.

"அன்னைக்குப் பாறைக்குப் பின்னாடி நின்னு நீங்க கண்ணைத் தொடைச்சுக்கிட்டதைப் பாத்துட்டேன் மாமா. கப்பு போயிடுமோன்னுதானே அழுதீங்க? மனசு கேக்கல. நேரா மெக்கானிக் அண்ணன்கிட்ட போயி எல்லாத்தையும் மாத்தச் சொல்லிட்டேன்."

கப்புக்காரர் வாயைத் திறப்பதற்குள் கொடி இறங்கிவிட்டது.