ஆறு படங்களில் ஒரு குடை

"போச்சு! இதுலயும் அந்தச் சிவப்புக் குடை!"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மேசையைத் தட்டிய தட்டில் மவுஸ் குதித்தது. கம்ப்யூட்டர் திரையில் அருவி பளீரென்று இருந்தது. பாறை, பாசி, மரப்பாலம் எல்லாம் கச்சிதம். பாலத்துக்கு அந்தப் பக்கம் மட்டும், கடுகளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி.

தேசியப் பூங்காவின் புகைப்படக் கண்காட்சிக்குப் படம் அனுப்ப இன்று மாலை ஐந்து மணியோடு கடைசி. ஆறு சனிக்கிழமை, ஆறு காட்டுப் பாதை நடந்து எடுத்திருந்தார். ஆறிலும் குடை.

துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஆம்பளையா, பொம்பளையா?"

"இத்தனூண்டு தெரிஞ்சா என்னத்தைச் சொல்றது?"

"ஊருக்கே கண்ணு டெஸ்ட் பண்றவரு! உங்களுக்கு யாரு பண்றது?"

"பொம்பளைதான். நேர்ல தூரத்துல பார்த்தேனே. முழங்கால் வலி போல, தாங்கித் தாங்கி நடக்கறா."

மடித்த சட்டையையே மனைவி மறுபடி உதறி மடித்தாள்.

"வலிக்குதுன்னு உங்ககிட்ட வந்து சொன்னாளாக்கும்!"

"உனக்கு ஏன் கோபம் வருது?"

"எனக்கென்ன வந்தது? குடையை அழிச்சுட்டு அனுப்புங்க. கம்ப்யூட்டர்ல ரெண்டு தட்டு தட்டினா போயிடுமாம்."

"அழிச்ச படத்தை எடுத்துக்க மாட்டாங்க. விதிமுறையிலயே போட்டிருக்கு."

"அன்னிக்கே கூட வரேன்னேன். குடையாவது ஒண்ணாவதுன்னு விரட்டியிருப்பேன்."

"நீ வந்தா பத்தடிக்கு ஒரு தரம் 'மூச்சு வாங்குதா, மாத்திரை போட்டீங்களா'ன்னு கேப்பே. பறவையெல்லாம் மாத்திரை போட ஓடிடும்."

அவர் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து நாலு மாதம்தான் ஆகிறது. தனியாக எங்கும் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னார். மகள் போனில் அழுதாள். நோயாளி மாதிரி ஆள் துணையோடு நடப்பதற்கு வீட்டிலேயே கிடந்துவிடலாம் என்று இவர் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. கடைசியில் மனைவிதான் இறங்கி வந்தாள். சனிக்கிழமை அவர் காட்டுக்கு, அவள் அக்கா வீட்டுக்கு என்று முடிவானது. எந்தப் பாதையில் போகிறார் என்று வெள்ளிக்கிழமையே எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட வேண்டும், அது ஒன்றுதான் அவள் நிபந்தனை.

"அடுத்த சனிக்கிழமை ஏரியைச் சுத்தி வரலாம்னு இருக்கேன். ஏத்தமே கிடையாது. வழி நெடுக பெஞ்சு."

"ஏன், மூச்சு வாங்குதா?" கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அந்தக் குடைக்காரிக்காகத்தான். பாவம், போன வாரம் படியேறிட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்துட்டா தெரியுமா?"

"ரொம்பத்தான் கரிசனம்! கட்டினவளை ஒரு நாள் இப்படிக் கவனிச்சிருப்பீங்களா?"

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அருவிப் படத்தையே அனுப்பிடலாம். விண்ணப்பத்தை நிரப்பிட்டேன். ஒரு தடவை முழுசா படிச்சுப் பார்த்துட்டு நீயே அனுப்பிடு. நான் குளிச்சுட்டு வரேன்."

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். பெயர், வயது, பாதை, கேமரா. கடைசியில் இரண்டு கேள்விகள்.

'படத்தில் ஆள் இருந்தால், அவர் யார்?'

'என் மனைவி.'

'அவருடைய சம்மதம் பெற்றாயிற்றா?'

'இன்னும் இல்லை. இப்போதுதான் படித்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை என் பக்கத்திலேயே நடந்து வருவதற்கும் சேர்த்துச் சம்மதம் கேட்டிருக்கிறேன்.'