வலது கால்

"அக்காவுக்கு கிளட்ச் இன்னும் பழகலை போல சார்," என்றார் மெக்கானிக். சொன்னது என் கணவரிடம். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

என் கணவர் சிரித்தார். 'என்னத்தைச் சொல்ல' என்கிற சிரிப்பு. எனக்கு அது மனப்பாடம்.

மறுநாள் காலை எனக்கு ஓட்டுநர் தேர்வு. மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் ஒரே கதைதான். பரிசோதகர் கோட்டருகே நிறுத்தச் சொல்வார். நிறுத்துவேன். கிளட்சை முழுசாக மிதித்தபடிதான் இருப்பேன், சத்தியமாக. வண்டி ஒரு உதறு உதறிவிட்டு அணைந்துபோகும். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இறங்கிவிடுவார்.

நான் நர்ஸ். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் பிரிவில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. இடுப்பு ஒடிய ஆட்களைத் தூக்கிப் புரட்ட வேண்டாம், இரவு முழுக்கக் கண்விழிக்க வேண்டாம். லைசென்ஸ் மட்டும் வேண்டும். நாளையும் தோற்றால் அந்த இடம் அடுத்தவளுக்குப் போய்விடும்.

வீட்டில் இது பெரிய வேடிக்கை. வண்டி நின்றதும் பின் சீட்டிலிருந்து மகள், "அம்மா ஆஃப் பண்ணிட்டா" என்று ராகம் போடுவாள். நாத்தனார் போன் செய்தால் நலம் விசாரிப்பதற்கு முன்பே, "வண்டி ஓடுதா, நிக்குதா அண்ணி?" என்பாள். என் கணவர் ஓட்டும்போது மட்டும் அந்தச் சனியன் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடும். "எங்கிட்ட நிக்கலையே" என்பார். அதற்கு மேல் நான் என்ன பேசுவது?

அந்த வண்டி அவர் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. அந்த வீட்டில் என்னைவிட அது சீனியர். விற்றுவிடலாம் என்று ஒரு தடவை வாயைத் திறந்துவிட்டு, ஒரு வாரம் அவர் உம்மென்று இருந்ததைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

கடைசியில் நானே என்னைத் திட்டிக்கொள்ள ஆரம்பித்தேன். சமையலறையில் அடுப்பு முன்னால் நின்றபடி இடது காலை மெல்ல மெல்லத் தூக்கிப் பழகினேன். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

தேர்வுக்கு முன் வண்டியை யாரிடமாவது காட்டியே ஆக வேண்டும் என்று அடம்பிடித்து நான்தான் இங்கே இழுத்து வந்தேன்.

மெக்கானிக் வண்டியைக் கிளப்பிவிட்டு இறங்கி வந்து பானட்டைத் தூக்கினார். குளிர்காய்ச்சல் வந்தவன் மாதிரி என்ஜின் நடுங்கியது. அவர் பிளக் பற்றியும் பெட்ரோல் பற்றியும் என் கணவரிடம் பேசிக்கொண்டே இருந்தார். அந்தப் பேச்சுக்கு நடுவிலேயே வண்டி அணைந்தது.

ஓட்டுநர் இருக்கையில் யாரும் இல்லை.

"இப்ப கிளட்ச்சுல இருந்தது யாரு கால் தம்பி?" என்றேன்.

அப்போதுதான் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அதன் பிறகு பேச்சு குறைந்தது. மறுபடி கிளப்பினார். ஒரு டப்பாவை எடுத்து, ரப்பர் குழாய்கள் மேல் ஒவ்வொன்றாக எதையோ பீய்ச்சிக்கொண்டே போனார். என்ஜினுக்குப் பின்னால் ஒரு இடத்தில் பீய்ச்சியதும் சத்தம் மாறியது, நடுக்கம் ஒரு நொடி நின்றது. அந்தக் குழாயைக் கழற்றி வளைத்துக் காட்டினார். அடிப்பக்கம் நீளமாக ஒரு வெடிப்பு. அது வழியாகக் காற்று கண்டபடி உள்ளே போகிறதாம். ஓடும்போது என்ஜின் சமாளித்துக்கொள்ளுமாம். நின்ற இடத்தில் முடியாதாம்.

"யாரு ஓட்டுனாலும் ஆஃப் ஆகத்தான் செய்யும்கா," என்றார். இந்தத் தடவை என்னிடம் சொன்னார்.

என் கணவர் ஓரமாக அடுக்கியிருந்த பழைய டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுக் குழாய் மாட்டியதும் வண்டி அடங்கிவிட்டது. ஓடுகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. எனக்கு அழுகை வந்தது. நாத்தனாருக்கு உடனே போன் போட வேண்டும் போலவும் இருந்தது.

"ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க சார்," என்று சாவி அவர் கைக்குத்தான் போனது. வேறு யார் கைக்குப் போகும்? நான் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

முதல் சிக்னலில் சிவப்பு. அவர் நியூட்ரலுக்கு மாற்றினார், கை பிரேக்கை இழுத்தார்.

வண்டி அலறியது. பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். குறுக்கே நடந்துகொண்டிருந்த பெண் பயந்துபோய் இரண்டடி பின்வாங்கினாள்.

நான் குனிந்து பார்த்தேன். அவர் வலது கால் ஆக்ஸிலேட்டரை அழுத்திக்கொண்டிருந்தது.

அவரும் குனிந்து பார்த்தார். காலை எடுத்தார். வண்டி அமைதியானது.

சிக்னல் தோறும் கை பிரேக் போட்டுவிட்டு உட்காருவாரே, அதை நான் நிதானம் என்று நினைத்திருந்தேன். நிதானமாம், மண்ணாங்கட்டி. வண்டி அணையாமல் இருக்க வலது காலை ஆக்ஸிலேட்டரில் வைக்கத்தான் அந்தக் கை பிரேக்.

"எத்தனை நாளா இப்படி?" என்றேன்.

"சொல்லியிருந்தா வண்டிய வித்துத் தொலைங்கனு நிப்பே," என்றார், முன்னால் பார்த்தபடியே.

பச்சை விழுந்தது. வண்டி அலுங்காமல் கிளம்பியது. "அதான் இப்ப சரியாயிடுச்சே," என்றார்.

இரண்டு தேர்வுக்கும் அவர்தான் கூட வந்தார். வேலியோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பரிசோதகர் நிறுத்தச் சொன்னதுமே வண்டி அணையப்போகிறது என்பது அந்த மைதானத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அழுதுகொண்டே இறங்கி வந்த என் தோளில் தட்டி, விடு, சில பேருக்கு இதெல்லாம் வராது என்று அவர்தான் சமாதானம் சொன்னார்.