நாற்பது நிமிடப் பயணம்

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே நூற்றெண்பது கிலோமீட்டர். பறக்கும் நேரம் நாற்பது நிமிடம். அது ஒரு நிமிடம்கூடப் பிசகுவதில்லை என்பதில் எங்கள் மேலாளருக்கு, விமானத்தைத் தானே தோளில் சுமந்து வருவதுபோல ஒரு பெருமை.

அன்று காலை, பிசகாத ஆயிரமாவது வருகை. மேலாளர் பூங்கொத்தும் புகைப்படக்காரருமாக விமானம் வந்து நிற்குமிடத்துக்கே போய்விட்டார். வருகை நேரத்தைக் குறிக்கும் குமாஸ்தாவான நான் பின்னால் நின்றேன். என் மனைவி ஆறு மாதக் குழந்தையோடு அதில்தான் பிறந்த வீட்டிலிருந்து திரும்புகிறாள். ஏறும்போது போன் செய்தாள்.

"பாப்பா மடியிலேயே தூங்கிட்டா. வந்து வாங்கிக்குங்க, கை கடுக்குது."

பத்து மணிக்குப் புறப்பட்டது. பத்து நாற்பதுக்கு இறங்கியது. குறித்துக்கொண்டேன்.

"பாத்தீங்களாய்யா, இதான் நிர்வாகம்!" என்றார் மேலாளர்.

முதலில் இறங்கியவருக்குத் தாடி மார்புவரை இருந்தது. நீட்டிய பூங்கொத்தை அவர் வாங்கவில்லை. மண்டியிட்டுத் தரையைத் தடவிப் பார்த்தார். அடுத்து வந்தவர்களின் உடைகள் நைந்து கிழிந்திருந்தன. "பயணம் சௌகரியமா இருந்துச்சா சார்?" என்று மேலாளர் ஒவ்வொருவரிடமும் கேட்டார். குரல் மட்டும் தேய்ந்துகொண்டே போனது.

கடைசியாக என் மனைவி வந்தாள். முன்நெற்றி முடி நரைத்திருந்தது. மடியில் தூங்கிய குழந்தை இல்லை. அவள் விரலைப் பிடித்தபடி ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி இறங்கினாள். அவளுக்கு என் மூக்கு.

நான் கை நீட்டினேன். சிறுமி வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கண்களைப் பொத்திக்கொண்டாள்.

"யாரும்மா இவரு? பயமா இருக்கு. வா, வீட்டுக்குப் போயிடலாம்" என்று விமானத்தின் பக்கம் இழுத்தாள்.

என் மனைவி என்னைப் பார்த்தபடியே ஒரு படி ஏறினாள்.