நினைவுகளைக் கழற்றிய உடல்

பேசாலைக் கரையில், கருவாட்டுப் பந்தலுக்குப் பக்கத்தில், இந்த ஊரில் பிறந்து பாரிஸில் கலைஞராகிப்போன அன்ரோனெற் கண்மூடி நிற்கிறாள். சுவரொட்டியில் அவள் பெயர் 'அ' மட்டும். மிச்சத்தைக் கலை தின்றுவிட்டது. 'நினைவுகளைக் கழற்றிய உடல்' என்பது நிகழ்வின் தலைப்பு. நெஞ்சில் ஒட்டிய வயர்கள் அவளது இதயத் துடிப்பை ஒலிபெருக்கிக்குக் கொண்டுபோகின்றன. டும்... டும்... எந்த ஊருக்கும் சொந்தமில்லாத சீரான துடிப்பு. கொழும்பிலிருந்து வந்தவர்கள் உருகித் தலையாட்டுகிறார்கள். "வள்ளத்து எஞ்சின் இன்னும் பிடிக்கேல்லப் போல" என்கிறார் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கும் அமிர்தநாயகம். மாலை வெயில் ஈரமணலில் மினுங்குகிறது. அப்போது பின்னால் ஒரு பழைய சைக்கிள் மணி: கிணிங், கிணிங். பள்ளி நாட்களில், ரியூசன் விடும் நேரம், பூவரச மரத்தடியில் நின்று றொசாந்தன் அவளுக்காக அடித்த அதே இரண்டு கிணிங். அன்ரோனெற் கண் திறக்கவில்லை; முகத்தில் ஓர் அசைவுமில்லை. ஒலிபெருக்கிதான் டும்டும்டும்டும் என்று ஓடத் தொடங்குகிறது. பந்தலிலிருந்த காகங்கள் எழும்பிப் பறக்கின்றன. கொழும்புக்காரர் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். "ஆ, பிடிச்சிட்டுது!" என்கிறார் அமிர்தநாயகம். றொசாந்தன் குனிந்து, பூட்டிய சைக்கிளை மறுபடியும் பூட்டுகிறான். கரியரிலிருந்து இறங்கிய அவன் மனைவி ஜெயனி, சேலையில் ஒட்டிய மணலைத் தட்டியபடி சொல்கிறாள்: "அன்ரோனெற் அக்கா, உந்தப் பெட்டியைக் கொஞ்சம் குறையுங்கோ. ஊருக்கே கேக்குது."