உப்பு சொல்லும் நாக்கு

கல்யாணச் சமையலில் உப்பின் அளவைச் சொல்வது பக்கிரி மாஸ்டர். அதை அண்டாவில் போடுவது, பி.எஸ்சி. முடித்த மகள் இலக்கியா.

குடித்துக் குடித்துக் கல்லீரல் முற்றிலும் கெட்டுப்போன பக்கிரியைச் சிதம்பரத்தில் டாக்டரம்மா சோதித்தார். பக்கத்தில் இலக்கியா உட்கார்ந்திருந்தாள்.

“ஈரல் கெட்டதால உடம்புல ஜிங்க் சத்து ரொம்பக் கொறைஞ்சிருக்கு. நாக்குல ருசியே தெரிஞ்சிருக்காதே?”

“யாருக்கு, எனக்கா? போன வாரம் கடலூர்க் கல்யாணத்துல என் சாம்பாரக் கேட்டுக் கேட்டு வாங்குனாங்க. இவளும் தனியா சமைக்கிறேன்னு நிக்கிறா. பொட்டச்சிக்கு உப்பு அளவு வருமா?”

இலக்கியா டாக்டரைப் பார்த்தாள்.

“மாத்திரை போட்டா ருசி திரும்புமா டாக்டர்?”

“திரும்பலாம்மா.”

“திரும்பட்டும். அப்புறம் வேணா அப்பா சொல்ற அளவுல உப்பு போட ஆரம்பிக்கிறேன்.”