அலக்குக் கல்லுமேல தங்கமீன்

கிணற்றடியில் கல்லைக் காணோம்!

நேசம்மாள் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் துணி அலக்குகிற கல் அது. தூக்கவே மூணு ஆள் வேணும். அதைக் கள்ளனா கொண்டு போயிருப்பான்?

இராஜாக்கமங்கலத்தில் தங்கச்சி வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

“இஞ்சேருங்க! கல்லு எங்க?”

“உள்ள வந்து பாரு நேசம்!” ஹாலிலிருந்து புருஷன் ரசலையன் குரல் கொடுத்தார். குரலில் அப்படி ஒரு குஷி.

உள்ளே போனாள். ரெண்டு பக்கமும் சிமெண்ட் கட்டை அடுக்கி, அதுமேல் அவளுடைய கல். கல்லுமேல் தெர்மோகோல். அதுக்கும் மேலே பெரிய கண்ணாடித் தொட்டி. உள்ளே தங்கமீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நேசம்மாளும் கொஞ்ச நேரம் அதையேதான் செய்தாள்.

“மரப்பலகைன்னா தண்ணி பட்டு ஊதிப்போவும். இரும்புன்னா நம்ம உப்புக்காத்துக்குத் துருப்பிடிக்கும். கல்லுன்னா அசையாது, பாத்தியா?” என்றார் ரசலையன்.

“ஊருல வேற கல்லே இல்லியா உங்களுக்கு?”

“இம்புட்டு வழவழப்பா வேற எங்க கெடைக்கும்? நீ இத்தன வருஷம் தேச்ச கல்லுல்லா!”

பாராட்டுகிறாராம்!

“அப்போ துணிய நான் எதுல அடிக்கது? உங்க தலையிலயா?”

“மெஷின் வாங்கிப் போட்டிருக்கேன்லா.”

“மெஷினு! அதுல போட்டா துணி கறங்கும், அழுக்கு போவாது. கல்லுல நாலு அடி அடிச்சாத்தான் வேட்டி வேட்டியா இருக்கும். மரியாதையா தொட்டிய இறக்குங்க.”

“இறக்க முடியாது நேசம். மீனு பயந்துரும்.”

மீன் பயந்துருமாம்! நேசம்மாளுக்குக் கோபமும் வெப்ராளமும் சேர்ந்து வந்துவிட்டது. கட்டினவள் தொண்டை கிழியக் கத்தினாலும் பரவாயில்லை, நேற்று வந்த மீன் பயப்படக் கூடாது. என்ன நியாயம் இது? போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

கொட்டாரம் ஊரிலிருந்து தம்பி டென்னிசன் பைக்கில் வந்து இறங்கினான். அவன் ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தாள்.

“மக்கா, ஒண்ணு கல்லு கிணத்தடிக்குப் போவணும். இல்லன்னா நான் உன் வண்டியில ஏறி உன் வீட்டுக்கு வாறேன். ரெண்டுல ஒண்ணு இன்னைக்குத் தெரியணும்!”

மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தியபாய் முழங்கையை ஊன்றிக்கொண்டு கதை கேட்டுக்கொண்டிருந்தாள். “பாவம் பிள்ள! ஆம்பிளைக்கு ரிட்டயர் ஆனா கிறுக்கும் கூடும்,” என்று அங்கிருந்தே தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

டென்னிசனுக்கும் கோபம்தான்.

“அத்தான், இது நல்லால்ல. ஒரு கிரானைட் துண்டு நான் வாங்கித் தாறேன். அக்காக்க கல்லை அக்காட்ட குடுத்துருங்க.”

“கிரானைட் வேண்டாம்டே.”

“ஏன்?”

“எனக்கு இதுதான் வேணும்.”

“பாத்தியாலே, பாத்தியா!” நேசம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. “இந்த மனுசனுக்கு என்னைய விட மீனு பெரிசாப் போச்சு.”

மூக்கைச் சிந்திக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். சண்டைக்கு வந்தாலும் தம்பி தம்பிதான். ஒரு சாயா கொடுக்காமல் இருக்க முடியுமா?

அடுப்பில் பால் காயும்போது ரசலையன் குரலைத் தாழ்த்துவது கேட்டது. தாழ்த்தி என்ன பிரயோஜனம்? சண்டை நேரத்தில் நேசம்மாள் காதுக்கு எறும்பு நடந்தாலும் கேட்கும்.

“ஏலே டென்னிசா, எனக்கு மீனுன்னா கொழம்புல கெடக்கணும். இந்தத் தொட்டிக்குத் தண்ணி கோரி ஊத்தி எனக்கு நடுமுதுகு ஒடிஞ்சு போச்சு.”

“பின்ன என்னத்துக்கு அத்தான் இந்தக் கூத்து?”

“உங்க அக்காளுக்கு வலது தோளு போயிட்டுடே. கையைத் தலைக்கு மேல தூக்க முடியல்ல. கண்ணாடிக்கு முன்னால நின்னு ஒத்தைக் கையால கொண்டை போடப் பாத்து, முடியாம முழிப்பா. நான் வந்தா சட்டுன்னு சீப்பை ஒளிச்சிருவா. கேட்டா ஒண்ணுமில்லம்பா. இப்பம் தங்கச்சி வீட்டுக்குப் போனதே வைத்தியர்ட்ட எண்ணெய் போடத்தான். தங்கச்சி போன்ல சொல்லிட்டா. துணி அடிக்கதை நிறுத்தாம தோளு தேறாதுன்னு வைத்தியர் சொல்லியாச்சாம். இவ நிறுத்துவாளா?”

“கல்லை எடுத்து வெளிய போட்டா போதாதா?”

“மறுநாளே ஆளை வச்சுத் தூக்கிட்டு வந்துருவா. மேல நாலு உசுரு நீந்திக்கிட்டுக் கெடந்தா தொடமாட்டா. அவ மனசு எனக்குத் தெரியாதா?”

“நேரா அக்காட்டயே சொல்லலாம்லா?”

“சொன்னா தனக்கு முடியல்லன்னு ஒத்துக்கிடணும்லா, அதுல அவ உடஞ்சு போயிருவா. அதுக்கு என்னையக் கிறுக்கன்னு ஏசிக்கிட்டே இருக்கட்டும்.”

அடுக்களையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நேசம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். புருஷனுக்குத் தெரியாது என்று அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்த சங்கதி!

சாயா வர நேரமாகிவிட்டது. வந்தபோது நேசம்மாளுக்கு மூக்கு சிவந்திருந்தது. முடி அவிழ்ந்து முதுகில் கிடந்தது.

“குடிச்சுட்டு வீட்டுக்குப் போ மக்கா. நான் எங்கயும் வரல்ல.”

டம்ளரைத் தம்பி கையில் கொடுத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு, ரசலையனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு சீப்பைப் பின்னால் நீட்டினாள்.

“கள்ளத்தனமா ஒளிஞ்சு நின்னு பாக்கத் தெரியுதுல்லா? இனி கொண்டையும் நீங்களே போட்டு விடுங்க!”